காத்தாடி நிற்கிற மாதங்களில் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு பல்லடத்திலிருந்து தாராபுரம் போய்க்கொண்டிருந்தேன். குண்டடம் நெருங்க நெருங்க ரோட்டின் இரண்டு பக்கமும் காத்தாடிகள். காற்றாலை என்று எழுதினாலும் எங்கள் பக்கம் வாயில் வருவது காத்தாடிதான். பழைய குட்டைக் கம்பங்களும் புதிய நெட்டைக் கம்பங்களுமாகக் கண்ணுக்கு எட்டிய வரை நின்றன. ஒன்றுகூடச் சுற்றவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அவளைப் பள்ளியில் மேட்டூருக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அணையைவிட அவள் மனதில் நின்றது அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி. "ஏனுங் மாமா, இத்தனை காத்தாடி வெச்சுட்டு அங்க எதுக்கு இன்னும் கரி எரிக்கறாங்க?" என்று கேட்டாள். காத்து இல்லையே கண்ணு என்றேன். "அப்ப காத்து அடிக்கறப்பவாவது நிறுத்திடலாமில்லீங்?"

முதல் கேள்விக்குப் பதில் எளிது. இரண்டாவதற்கு வண்டி ஓட்டிக்கொண்டே பதில் சொல்ல வரவில்லை. அவளுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுந்து கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். இரண்டு பக்கமும் 2,000 மீட்டருக்கு மேல் எழும் மலைகள். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டிப் பெரும்பாலான மழையைக் கேரளத்தில் கொட்டிவிடுகிறது. கணவாய் வழியாக நெருக்கியடித்து வருவது வேகமான, ஓரளவு காய்ந்த காற்று. பொள்ளாச்சிக்குச் சாரல் கிடைக்கும். உடுமலை, பூளவாடி, குடிமங்கலம், கேத்தனூர், தாராபுரம் என்று கிழக்கே போகப் போக மழை குறைந்து காற்று மட்டும் மிஞ்சும். எங்கள் வானம் பார்த்த காடுகளை (விவசாய நிலத்தைத்தான் நாங்கள் காடு என்போம்) காயவைத்த அதே காற்றுதான் 1990களில் இருந்து காசாகத் தொடங்கியது.

காற்றில் ஒரு கணக்கு இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து எடுக்கக்கூடிய சக்தி எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். எனவே வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை காத்தாடி சக்கைப்போடு போடும், அப்புறம் மெல்லக் குறையாமல் சட்டென்று விழும். தமிழ்நாட்டில் நிறுவியிருக்கும் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சீசன் உச்சத்தில் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் கிடைத்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அதே காத்தாடிகள் ஒரு கோடி யூனிட்டைக்கூட எட்டாத நாட்கள் வரும்.

தேவையோ வேறு மாதங்களில் உச்சத்துக்குப் போகிறது. மாநிலத்தின் மின்தேவை 2024 மே 2ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. சித்திரை வெயில், வீட்டுக்கு வீடு ஏசி, காய்ந்த கிணற்றில் நீரைத் தேடி ஓடும் மோட்டார்கள். காற்று சீசன் தொடங்க இன்னும் இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது இது நடக்கிறது. பகலில் சோலார் கைகொடுக்கும். சாயங்காலம் ஆறரை மணிக்கு வெயில் இறங்கி, வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது சோலாரும் கிடையாது, காற்றும் கிடையாது. அந்த நாலைந்து மணி நேரத்தைக் கரி எரிக்காமல் தாண்ட முடிவதில்லை.

சரி, காற்று அடிக்கும்போது ஏன் அதை நிறுத்தக் கூடாது? அனல் மின் நிலையம் வீட்டுக் கேஸ் அடுப்பு மாதிரி நினைத்தபோது திருகி அணைக்கிற பொருள் இல்லை. மேட்டூரில் 210 மெகாவாட் அலகுகள் நான்கு, 600 மெகாவாட் அலகு ஒன்று, மொத்தம் 1,440 மெகாவாட். ஒடிசாவில் தோண்டிய நிலக்கரி கப்பலேறி, ரயிலேறி அங்கே வந்து சேர்கிறது. முழுதாக ஆறிப்போன ஓர் அலகை மறுபடி சூடேற்றி, நீராவி கட்டி, சுழலியை ஓடவிட்டுக் கம்பியில் சேர்க்கப் பல மணி நேரம் பிடிக்கும். அடிக்கடி அணைத்து ஏற்றினால் குழாய்கள் வெடிக்கும், பழுதுச் செலவு ஏறும். அதனால் நிறுத்தாமல் குறைத்து ஓட்டுகிறார்கள். குறைப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. திறனில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே போனால் கொதிகலனில் தீ நிலையாக நிற்காது. காற்று நள்ளிரவில் பலமாக வீசும்போது ஊரே தூங்கிக்கொண்டிருக்கும், தேவை குறைவாக இருக்கும், கரி அலகுகள் தங்கள் அடிமட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் கம்பியில் இடம் இல்லை. தயாரிப்பதும் செலவழிப்பதும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருந்தால்தான் மின்சாரத்தின் அலைவு 50 ஹெர்ட்ஸில் நிற்கும். அந்த நேரத்தில் யாரையாவது நிறுத்தச் சொல்லியாக வேண்டும். சில சமயம் காத்தாடியைத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள். காற்று வீணாகப் போகிறதே என்று காற்றாலை வைத்திருப்பவர்கள் வருஷா வருஷம் குமுறுவதற்கு இதுதான் காரணம்.

ஆக, யூனிட் தயாரிப்பது நிலக்கரி செய்யும் வேலைகளில் ஒன்று மட்டும்தான். வேண்டும்போது கிடைப்பது, கிடைத்ததை நிலையாக வைத்திருப்பது என்று இன்னும் இரண்டு வேலைகளையும் அது சேர்த்துச் செய்கிறது. காத்தாடியும் சோலாரும் முதல் வேலையை மலிவாகவும் புகையில்லாமலும் செய்துவிட்டன. மற்ற இரண்டுக்கும் இன்னும் ஆள் போதவில்லை. இந்தியா முழுவதற்குமே இதுதான் நிலைமை. 2025இல் நாட்டின் மொத்த நிறுவுதிறனில் பாதி, நிலக்கரியும் எரிவாயுவும் டீசலும் அல்லாத வழிகளுக்கு வந்துவிட்டது. ஆனால் உண்மையில் கம்பியில் ஓடும் யூனிட்டில் பத்துக்கு ஏழு இன்னும் கரியிலிருந்துதான் வருகிறது.

இதில் கொங்கு நாட்டுக்கு என்று ஒரு தனிக் கதை உண்டு. அது எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. எங்கள் ஊர்த் தொழில் நிலக்கரியால் வளர்ந்ததில்லை. கோவையின் முதல் நூற்பாலை 1880களின் கடைசியில் நீராவியில் ஓடத் தொடங்கியது உண்மை. அதன் பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு ஆலைகள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. கம்போடியா பருத்தி விளைந்தது, பணம் இருந்தது, ஆள் இருந்தது. ஆலையை ஓட்ட மலிவான சக்தி பக்கத்தில் இல்லை. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-33இல் ஓடத் தொடங்கி, மலையிலிருந்து கம்பி கோவைக்கு இறங்கிய பிறகுதான் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. ஆலைக்கு மோட்டார் வேண்டும், அதைப் பழுது பார்க்கப் பட்டறை வேண்டும், பட்டறைக்கு வார்ப்படம் வேண்டும். 1930களின் பிற்பகுதியிலேயே ஜி.டி. நாயுடுவின் குழுவினர் பீளமேட்டில் மோட்டார் தயாரித்துவிட்டார்கள். மோட்டார் கிணற்றுக்குப் போனது, கவலை பூட்டிக் கிணற்று நீர் இறைத்த மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது. இன்று நாடு முழுவதும் போகும் கோவைப் பம்ப்செட்டின் பிறப்பிடம் அந்த மலை நீர்தான்.

1960களில் கனடாவின் உதவியுடன் குந்தா நீர்மின் திட்டம் வந்தது. அதற்குள் தேவை மலையை மீறிவிட்டது. மாநிலக் கட்டமைப்பில் 1962இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும், 1970இல் எண்ணூரும் சேர்ந்தன. கொங்கு மண்ணிலேயே கரி எரியத் தொடங்கியது மேட்டூரில் 1987இல்தான். அதாவது எங்கள் ஊரில் கரி மின்சாரம் என் அண்ணன் வயதுகூட இல்லாத ஒரு பழக்கம். விட முடியாத பழக்கம் என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

காத்தாடிகள் எப்படி வந்தன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஆலை முதலாளிகள் பலர் சுற்றுச்சூழலை நினைத்துக் காத்தாடி நடவில்லை. 1990களில் காற்றாலை வாங்கிய செலவை முதல் வருஷமே முழுதாகத் தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. பிறகு அது 80 சதவீதமானது. 2012இல் நிறுத்தப்பட்டது, 2014இல் திரும்ப வந்தது, 2017 ஏப்ரலிலிருந்து 40 சதவீதமாகக் குறைந்தது. வரிக்காக வைத்ததால் காற்று சரியில்லாத இடத்திலும் சிலர் நட்டார்கள். ஆனாலும் ஊருக்கு நன்மை நடந்தது. அடுத்து வந்தது பேங்கிங். ஆடியில் காத்தாடி தரும் யூனிட்டை மின்வாரியத்தின் கணக்கில் போட்டு வைத்து, அதே நிதியாண்டுக்குள் ஆலைக்கு எடுத்துக்கொள்ளலாம். பேப்பரில் மட்டும்தான் அது சேமிப்பு. உண்மையில் அந்த யூனிட் ஆடியிலேயே யாரோ ஒருவர் வீட்டில் எரிந்து முடிந்திருக்கும். மாசியில் ஆலைக்குத் திருப்பித் தருவது கரியில் தயாரித்த யூனிட்தான். நூற்பாலைகளைக் காப்பாற்றியது இந்த ஏற்பாடு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் மில் முழுக்கக் காற்றில் ஓடுகிறது என்று சொல்வதற்கும், கரி எரியாமல் ஓடுகிறது என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. புதிதாக நடும் காத்தாடிகளுக்கு இந்த பேங்கிங் வசதி முன்போல் இல்லை. அதனால் நிஜமான சேமிப்பைப் பற்றிப் பேசியே ஆக வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

ஆலைகள் மட்டும்தான் இதைச் செய்ய முடியும் என்று நினைத்தால் அது தவறு. மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை என்ற ஊராட்சி இருக்கிறது. ஆர். சண்முகம் அங்கே தலைவராக இருந்த காலத்தில் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் கரண்ட் பில்லைப் பார்த்து யோசித்தார்கள். முதலில் சோலார் தெருவிளக்கு, அப்புறம் மரக்கழிவை வாயுவாக்கித் தண்ணீர் மோட்டாரை ஓட்டும் சின்ன இயந்திரம். 2006இல் ஊராட்சி சார்பில் வங்கிக் கடன் வாங்கி, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நட்டார்கள். தங்கள் ஊரில் காற்று போதாது என்று தெரிந்து, உடுமலை பக்கம் மைவாடியில் நட்டார்கள். அந்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும். வருஷத்துக்கு ஏறக்குறைய 6.75 லட்சம் யூனிட் கிடைக்கும், ஊராட்சியின் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட், மிச்சம் விற்பனைக்கு என்பது கணக்கு. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பார்த்தவர்களில் எத்தனை ஊராட்சிகள் அதைச் செய்தன என்று கேட்டால் மனம் வலிக்கிறது. ஓர் ஊராட்சித் தலைவரால் வங்கியை நம்பவைக்க முடிந்ததை, இருபது வருஷத்தில் ஓர் ஒழுங்கான திட்டமாக நாம் ஆக்கவில்லை.

நிஜமான சேமிப்பு எங்கே இருக்கிறது? அதுவும் எங்கள் மலையிலேயே இருக்கிறது. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைக்குள் காடம்பாறை என்று ஓர் இடம். அங்கே மலையைக் குடைந்து உள்ளே வைத்த நான்கு இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 100 மெகாவாட். 1980களின் கடைசியில் ஓடத் தொடங்கியவை. மேலே ஓர் அணை, கீழே மேல் ஆழியாறு அணை. மின்சாரம் மிஞ்சும்போது அதே இயந்திரம் பம்பாக மாறிக் கீழ் நீரை மேலே ஏற்றும். மாலை நேரத்தில் தேவை ஏறியதும் நீரைத் திறந்துவிட்டால் சில நிமிடங்களில் மின்சாரம் வரும். ஏற்றச் செலவான நாலு யூனிட்டுக்குத் திரும்பக் கிடைப்பது மூன்று யூனிட்டை ஒட்டி இருக்கும். ஒரு யூனிட் போனாலும் பரவாயில்லை, ஆடி நள்ளிரவில் நிறுத்தச் சொல்லும் காத்தாடியின் யூனிட்டில் முக்கால் பங்கு மாலைக்கு மிஞ்சுகிறதே. வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் ஏற்றி வைக்கிற அதே யோசனைதான், மலை அளவில்.

400 மெகாவாட் என்பது அந்த மே மாத உச்சத் தேவையில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. நீலகிரியில் போர்த்திமந்து அணைக்கும் அவலாஞ்சி-எமரால்டு அணைக்கும் நடுவில் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டம் ஆண்டுக்கணக்கில் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஏற்கெனவே இருக்கும் அணைகள் என்பதால் புதிதாகக் காட்டை மூழ்கடிக்க வேண்டியதில்லை, அது நல்ல விஷயம். ஆனால் இதே யோசனையைச் சோலைக்காடும் புல்வெளியும் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் நீட்டுவதை என்னால் ஏற்க முடியாது. பவானியும் மாயாறும் ஊறி வருவது அந்தச் சோலைகளிலிருந்துதான். மலையில் இடம் முடிந்தால் பேட்டரிக்குப் போகலாம். 2010இலிருந்து இன்றுவரை லித்தியம் பேட்டரியின் விலை பத்தில் ஒரு பங்கை ஒட்டி இறங்கியிருக்கிறது. மாலை நாலு மணி நேரத்தைச் சமாளிக்கப் பேட்டரி போதும், துணைமின் நிலையத்தின் காம்பவுண்டுக்குள்ளேயே வைத்துவிடலாம். கார்த்திகை முழுவதையும் சமாளிக்கப் பேட்டரி போதாது. அதற்குச் சோலாரும், மழையில் நிறைந்த அணைகளும், வெளிமாநிலக் காற்றும் வெயிலும் சேர்ந்து வர வேண்டும்.

வேண்டும்போது கரண்ட் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கொங்கு நாட்டுக்காரருக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 2008 முதல் 2013 வரை நடந்தது நினைவிருக்கும். மோசமான மாதங்களில் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லை. கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த என் சித்தப்பா கரண்ட் வரும் நேரத்துக்கு ஆட்களை ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி வேலை வாங்கினார். கடைசியில் ஒரு டீசல் ஜெனரேட்டர் வாங்கினார், அதன் கடனை அடைக்க இரண்டு லேத்தை விற்றார். காற்றையும் வெயிலையும் நம்பு என்று யாராவது சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, ராத்திரி ஷிப்ட் ஓடுமா என்பதுதான். அந்தக் கேள்விக்கு மதிப்புக் கொடுக்காமல் இந்த மாற்றம் நடக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் கரண்ட் மட்டும். கொங்கு நாட்டில் எரியும் பொருளில் கணிசமான பகுதி கரண்டுக்கே சம்பந்தம் இல்லாதது. திருப்பூர் சாயப்பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். துணிக்குச் சாயம் ஏற 60 டிகிரி வெந்நீர் வேண்டும், அலச அதைவிடச் சூடு வேண்டும், துணியை விரித்துக் காயவைக்கும் ஸ்டென்டர் இயந்திரத்துக்கு 150 டிகிரிக்கு மேல் வேண்டும். இதெல்லாம் பாய்லரிலும், எண்ணெயைச் சூடாக்கிச் சுற்றவிடும் தெர்மிக் ஹீட்டரிலும் இருந்து வருகிறது. எரிவது பெரும்பாலும் விறகு. சீமைக் கருவேல், யூக்கலிப்டஸ், முந்திரிக்கொட்டை ஓடு. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்பது கட்டாயமான பிறகு இன்னொரு சூடும் சேர்ந்தது. சுத்திகரித்து மிஞ்சும் உப்பு நீரை நீராவியால் வற்றக் காய்ச்ச வேண்டும். நொய்யலைக் காப்பாற்ற விறகு எரிகிறது. நொய்யலை விட்டுவிடு என்று இதற்கு அர்த்தமில்லை, அந்த ஆறு பட்ட பாட்டை சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டால் தெரியும். ஆனால் நீரைச் சுத்தமாக்கும் செலவில் எரிபொருளும் ஒன்று என்பதை மறைக்கக் கூடாது.

விறகு திரும்ப வளரும், அதனால் அது மாற்று எரிபொருள்தானே என்று கேட்கலாம். வெட்டிய இடத்தில் நட்டால் மட்டும் அப்படி. எங்கள் பக்கம் எந்தக் கழிவும் சும்மா கிடப்பதில்லை என்பதும் ஒரு சிக்கல். கரும்புச் சக்கையைப் பாருங்கள். சர்க்கரை ஆலை அதை எரித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கிறது. அதே சக்கைதான் புகளூர்க் காகித ஆலைக்குக் கூழ். ஒரு பக்கம் கொடுத்தால் இன்னொரு பக்கம் வேறு எரிபொருள் தேட வேண்டும். உண்மையிலேயே வீணாகப் போனதைப் பிடித்த இடம் சேலம், நாமக்கல் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள்தான். மரவள்ளிக் கிழங்கு அரைத்த நாற்றமடிக்கும் தண்ணீரை மூடிய குளத்தில் விட்டு, வரும் வாயுவில் மாவைக் காயவைக்கிறார்கள், இன்ஜின் ஓட்டுகிறார்கள். நாற்றமும் குறைந்தது, எரிபொருளும் மிச்சம்.

சாயப்பட்டறைக்கு என் யோசனை இது. 80 டிகிரி வரைக்குமான வெந்நீரை விறகிலிருந்து பிரித்துவிடலாம். வெப்பப் பம்ப் என்ற கருவி ஒரு யூனிட் கரண்டில் மூன்று யூனிட் அளவுக்குச் சூடு தரும். பகலில் கூரைச் சோலாரில் ஓட்டி, வெந்நீரைப் பெரிய தொட்டியில் காப்பிட்டு வைத்தால் ராத்திரி ஷிப்டுக்கும் ஆகும். வெந்நீரைச் சேமிப்பது கரண்டைச் சேமிப்பதைவிட மிக மலிவு. ஸ்டென்டருக்கு வேண்டிய பெருஞ்சூட்டுக்கு இப்போதைக்கு இப்படி எளிய வழி இல்லை.

வார்ப்படத் தொழிலில் கணக்கு இன்னும் சுவாரசியமானது. பழைய கியூப்போலா உலையில் ஒரு டன் இரும்பை உருக்க 100 முதல் 150 கிலோ கோக் கரி ஆகும். ஒரு கிலோ கோக் எரிந்தால் மூன்று கிலோவை ஒட்டிக் கரியமில வாயு, ஆக 300 முதல் 450 கிலோ. இப்போது பெரும்பாலோர் மின்சார இன்டக்ஷன் உலைக்கு மாறிவிட்டார்கள். அதில் டன்னுக்குச் சுமார் 600 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு என்று பார்த்தால் 420 கிலோ. புகைபோக்கி ஊரிலிருந்து மேட்டூருக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இன்டக்ஷன் உலைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. கம்பியில் வரும் கரண்ட் சுத்தமானால் பட்டறைக்காரர் ஒரு நட்டைக்கூடத் திருகாமல் அவர் இரும்பும் சுத்தமாகிவிடும். கியூப்போலாவுக்கு அந்த வழி இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியாகும் இரும்பு, எஃகுப் பொருட்களின் கார்பனுக்கு 2026 ஜனவரியிலிருந்து கட்டணம் கேட்கிறது. இந்தக் கணக்கெல்லாம் இனி ஏற்றுமதி பில்லிலும் வரும்.

நாமக்கல் லாரியும் போர்வெல் தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியும் டீசலை விடுவது கடைசியில்தான் நடக்கும். ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டர் பாரம் ஏற்றிப் போகும் வண்டிக்கு பேட்டரியின் எடையே ஒரு சுமை. டவுன் பஸ்ஸும் பனியன் பண்டல் ஏற்றும் சின்ன வண்டியும் இப்போதே மாறலாம், மாறத் தொடங்கியும் இருக்கின்றன.

விவசாய மோட்டாருக்கு வருவோம். மாநிலத்தில் 20 லட்சத்துக்கு மேல் இலவச மின் இணைப்புகள். இந்த இலவசம் சும்மா வந்ததில்லை. 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று விவசாயிகள் இறந்தார்கள். நாராயணசாமி நாயுடு கட்டிய விவசாயிகள் இயக்கம் அந்த ரத்தத்திலிருந்து வளர்ந்தது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் ஆனது. அதைத் தொடுவது பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. நேரத்தை மட்டும் மாற்றினால் போதும். பயிருக்கு நீர் எந்த நேரத்தில் பாய்ந்தாலும் பயிர்தான், அதனால் இந்த மோட்டார்களின் சுமையைச் சோலார் இருக்கும் பகல் நேரத்துக்கு முழுதாகக் கொண்டுவரலாம். ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு பாம்புக்கும் பயந்து மோட்டார் போடப் போகிற வேலையும் போகும். சோலார் பம்ப் மானியத்தில் ஒரு எச்சரிக்கை வேண்டும். ஆயிரம் அடிக்குக் கீழே போர்வெல் போட்டிருக்கும் எங்கள் காடுகளில் சின்ன சோலார் பம்ப் பலருக்கு எட்டாது. எட்டுகிற இடத்தில் நாள் முழுக்கச் சும்மா ஓடி, மிச்ச நீரையும் காலி செய்துவிடும். சோலாரைப் போர்வெல்லில் மாட்டுவதைவிட, ஊருக்குக் கரண்ட் கொண்டுவரும் ஃபீடர் கம்பியில் மாட்டி, மிஞ்சிய யூனிட்டுக்கு விவசாயிக்குக் காசு கொடுப்பது நல்லது. நீரை இறைக்காமல் விட்டாலும் வருமானம் என்று ஆகும்போதுதான் நிலத்தடி நீர் தப்பும்.

கடைசியாக நிலம். இதில்தான் என் மனம் மிகவும் அலைக்கழிகிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரை சுமார் 1,765 கிலோமீட்டருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டக் கம்பி வந்திருக்கிறது, 6,000 மெகாவாட் கொண்டுவர. 2021இல் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். ராய்கர் கரி பூமி, அங்கே எரித்து இங்கே அனுப்பத்தான் முதலில் அது. ஆனால் எதிர்த்திசையிலும் ஓடக்கூடிய கம்பி அது, ஆடியில் எங்கள் காத்தாடியின் மிச்சம் வடக்கே போகலாம். முன்பு சொன்ன நள்ளிரவு வீணுக்கு இதுவும் ஒரு மருந்து. அதே கம்பிக்கும் அதனோடு வந்த மற்ற உயர்மின் கோபுரங்களுக்கும் எதிராகத்தான் 2018, 2019இல் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்ட விவசாயிகள் தங்கள் தோட்டங்களில் உட்கார்ந்து போராடினார்கள். 2013இல் இதே ஆட்கள் கெயில் எரிவாயுக் குழாயை எதிர்த்து நின்றார்கள். குழாய் எரிந்து கரியமில வாயுவாகும் எரிபொருளுக்கானது, கோபுரம் பசுமைக்கும் உதவும் என்ற வித்தியாசம் தென்னை வெட்டப்பட்டவருக்கு என்ன செய்யும்? 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை வைத்துக் கோபுரம் நடுகிறார்கள், நிலத்தை வாங்குவதும் இல்லை.

காங்கேயம், மூலனூர் பக்கம் கொரங்காடுகள் என்ற மேய்ச்சல் நிலங்கள் இருக்கின்றன. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், மேயும் காங்கேயம் மாடு. மழை குறைந்த பூமியில் பல தலைமுறை யோசித்துக் கண்ட ஏற்பாடு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது தரிசு. ஒரு மெகாவாட் சோலாருக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும், தரிசு என்று எழுதிய நிலம் மலிவு, கம்பி பக்கத்திலேயே போகிறது. வேலியைப் பிடுங்கிச் சமன் செய்தால் திரும்பக் கொரங்காடு ஆக்க ஓர் ஆயுசு போதாது. திருப்பூரிலும் பெருந்துறையிலும் கோவையிலும் ஏக்கர் கணக்கில் தகரக் கூரை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போது மேய்ச்சல் காட்டில் கை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கூரையில் வைக்கும் சிறுதொழில்காரரிடம் மின்வாரியக் கம்பியைப் பயன்படுத்துவதற்கு என்று நெட்வொர்க் கட்டணம் கேட்பது இதற்கு நேர் எதிரான வேலை. பழைய 250 கிலோவாட் காத்தாடிகளைக் கழற்றி அதே காட்டில் இரண்டு மூன்று மெகாவாட் நெட்டைக் காத்தாடி வைத்தால் ஓர் ஏக்கர் புதிய நிலம்கூட இல்லாமல் யூனிட் பல மடங்காகும். பக்கத்துப் பக்கத்துக் காத்தாடிகளுக்குப் பல முதலாளிகள் இருப்பதால் அது இழுத்துக்கொண்டே போகிறது. அரசு நடுவில் உட்கார்ந்து பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டிய வேலை அது.

கோபுரத்துக்கும் கம்பிக்கும் ஒரு தடவைப் பணம் என்பதை மாற்றி, கரண்ட் ஓடும் வருஷமெல்லாம் வாடகை என்று ஆக்க வேண்டும். காத்தாடிக்கும் சோலாருக்கும் குத்தகை தர முடிகிறதென்றால் அந்தக் கரண்டைச் சுமக்கும் காட்டுக்கு ஏன் முடியாது? அரச்சலூர் பக்கம் ஒரு பெரியவர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கம்பிக்குக் கீழே தென்னை வைக்கக் கூடாது என்பதால் அந்தப் பட்டையில் சோளம் போட்டிருந்தார். "வருசா வருசம் ஒரு மூட்டைச் சோளத்து விலை கொடுத்தாக்கூட, நம்ம காட்டு மேல போற கரண்ட்டுனு நெனைச்சுக்குவேனுங் தம்பி" என்றார். அந்தச் சோளப் பட்டைக்கு இரண்டு பக்கமும் அவருடைய தென்னைகள் நின்றன.